விசேஷ வீட்டில் தவறிய பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

கல்யாணத்திலோ காதுகுத்திலோ வளர்ந்த பிள்ளை ஒருவன் குடித்துவிட்டு வந்து ரகளை செய்தால், மறுநாள் காலை அந்த வீட்டில் எழுகிற முதல் கேள்வி பெரும்பாலும் “யார் யாரெல்லாம் பார்த்தாங்க?” என்பதுதான். சம்பந்தி வீட்டார் பார்த்தார்களா, ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்களா, வீடியோவில் பதிவாகிவிட்டதா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகே, அடிபட்டவர் யார், அழுதவர் யார் என்ற விசாரணை வருகிறது. பல வீடுகளில் அது வருவதே இல்லை. கோளாறு இந்த வரிசையில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். மானம் போனதுதான் குற்றம் என்று வைத்துக்கொண்டால், போன மானத்தை மீட்பதே தண்டனையின் வேலையாகிவிடும். பெற்றோர் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள். உடைந்த நாற்காலிக்கு மண்டபத்தில் பணம் கட்டுவார்கள். பையனை நாலு பேர் பார்க்கத் திட்டுவார்கள், சிலர் கை நீட்டுவார்கள், பிறகு மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பார்கள். இவற்றில் எதுவும் தவறு செய்தவனை, அந்தத் தவறால் நொந்தவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்துவதில்லை. இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளையைத் திருத்த நம் வீடுகளில் கையாளப்படும் வழிகளை எடுத்துப் பார்த்தால், பெற்றோரால் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்றுதான் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது: அவனுக்காகத் தாங்கள் பதில் சொல்வதை நிறுத்துவது. தண்டனை கொடுப்பதைவிட அது கடினமானது.

முதலில் அதிகாரத்தின் எல்லையைப் பார்த்துவிடலாம். மேஜர் ஆகும் வயதைச் சொல்லும் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் தன் செயலுக்குத் தானே பொறுப்பு. பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று பெற்றோர் சொல்லித் தப்பிக்கக் குற்றவியல் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 89ஆம் பிரிவு அது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 27ஆம் பிரிவு. அந்த விலக்கு 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் மனநிலை சரியில்லாதவருக்கும் மட்டுமே பொருந்தும். முப்பது வயது மகனை அறையும் தகப்பனுக்குச் சட்டத்தில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று ஊரில் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் உடனே ஒரு மறுப்பு வரும், அது லேசானதும் அல்ல. நம் ஊரில் 18 வயதோடு பிள்ளை வெளியேறிவிடுவதில்லை. படிப்புக்குக் கடன் வாங்குவது அப்பா, வேலை கிடைக்கும்வரை சோறு போடுவது அம்மா, கல்யாணத்துக்கு நகை சேர்ப்பதும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் அவர்களே. இவ்வளவும் செய்பவர்களுக்குக் கண்டிக்கும் உரிமை மட்டும் இல்லையா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பெற்றோர் கொடுப்பது பெற்றோருடையது. தங்கள் பணத்தை எதற்குத் தருவது, தங்கள் வீட்டில் யாரைத் தங்கவைப்பது, தங்கள் பெயரில் அச்சாகும் பத்திரிகையை யாருக்கு வைப்பது, இவையெல்லாம் முழுக்க அவர்கள் கையில் இருப்பவை. அவன் உடம்பும் அவன் மனசும் அவர்கள் கையில் இல்லை. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொண்ட குடும்பம் கத்த வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். அவனை என்ன செய்யவைப்பது என்று தவிப்பதை விட்டுவிட்டு, இனி நாம் எதைச் செய்யப்போவதில்லை என்று அவர்களால் யோசிக்க முடியும்.

எது தவறு என்பதிலும் நிதானம் வேண்டும். விசேஷத்தில் குடும்பத்துக்குப் பிடிக்காததைச் செய்வதெல்லாம் கெட்ட நடத்தை ஆகிவிடாது. நிச்சயதார்த்தத்தன்று “எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னால் சபையில் பெரியவர்களுக்குத் தலைகுனிவுதான். ஆனால் அவள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, தனக்கு நடக்க இருந்த ஒன்றைத் தடுத்துக்கொண்டாள். வேறு சாதியில் மணந்துகொண்ட மகன் மனைவியோடு தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு வந்து நிற்பதும் அப்படியே. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுக சேர்வை வழக்கில் கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவரின் திருமண விருப்பத்துக்குக் குடும்பமோ சாதிக் கூட்டமோ குறுக்கே நிற்க முடியாது என்று தெளிவாக்கியது. எனவே கண்டிப்பு என்ற பேச்சை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, யாருக்கு நோவு உண்டானது என்பதையே. நோவு என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் வெறும் தலைகுனிவு மட்டும் இருந்தால், அங்கே திருத்த வேண்டியது பிள்ளையை அல்ல. மறுகோடியில், குடும்பம் பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. விசேஷ வீட்டின் கூட்டத்தில் ஒரு குழந்தையிடம் உறவுக்காரன் ஒருவன் தவறாக நடந்துகொண்டான் என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. மனைவியை எல்லோரும் பார்க்க அடித்தவனுக்கும் அவளுக்கும் இடையே “புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்” என்று சமாதானம் பேசுவது, அடித்தவன் பக்கம் சேர்வதே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்காகவே இருக்கிறது. இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை: வசவு, தள்ளுமுள்ளு, பொருளை உடைப்பது, சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவது, மணமக்களின் நாளைக் கெடுப்பது.

நடுப்பகுதியில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பந்தி நடக்கிறது. சாம்பார் முடிந்து ரசம் போய்க்கொண்டிருக்கிறது. சித்தப்பா வீட்டாரை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்றோ, பிளெக்ஸில் அப்பா பெயர் கீழே போய்விட்டது என்றோ பொருமிக்கொண்டிருந்தவன், இலையில் இரண்டாவது தடவை அப்பளம் வரவில்லை என்ற சாக்கில் எழுந்து பரிமாறுகிறவரின் தோளைப் பிடித்துத் தள்ளுகிறான். வாளி சாய்ந்து கொதிக்கும் ரசம் அவர் காலில் கொட்டுகிறது. அவர் சமையல் காண்டிராக்டர் அழைத்துவந்த ஆள், நாள் கூலிக்கு வந்தவர். காலைத் தண்ணீரில் நனைத்துவிட்டு அடுத்த பந்திக்கு வாளியைத் தூக்கியாக வேண்டும். அந்த இரவே மாப்பிள்ளையின் அப்பாவிடம் நான்கு பேர் போய்க் கைகூப்புகிறார்கள். பந்தியில் எழுந்துபோன பெரியவர் வீட்டுக்கு மறுநாள் பழத்தட்டோடு போகிறார்கள். ரசம் கொட்டிய கால் யாருடையது என்று கேட்டுக்கொண்டு போகிறவர் யாரும் இல்லை. மானத்தை அளவுகோலாக வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவர் இவர்தான், ஏனென்றால் இவர் முன்னால் போவதற்கு நம்மிடம் மானம் எதுவும் இருப்பதாக நாம் நினைப்பதில்லை. நாகஸ்வரக்காரர், ஒலிபெருக்கிக்காரர், மண்டபத்தைக் கூட்டுகிற அம்மா, வாசலில் வண்டி நிறுத்த வழிகாட்டும் காவலாளி என்று இந்த வரிசை நீளும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து வைப்பவர்கள் வாங்கியதைத் தலைமுறை தாண்டியும் திருப்பிச் செய்கிறார்கள், அந்த நோட்டில் எழுதாத கணக்கு இல்லை. ரசம் கொட்டிய காலும் அதைப் போன்ற பாக்கிதான். அதை யார் பெயரில் எழுதுவது என்பதுதான் கேள்வி. அப்பா பெயரிலா, தள்ளியவன் பெயரிலா?

அதே காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. அவன் பொருமல் முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. முறையாக அழைக்காதது, பத்திரிகையில் பெயர் விடுபட்டது, தாய்மாமன் சீரை மேடையில் சரியாக வாங்காதது, சொத்துப் பிரித்ததில் வந்த மனத்தாங்கல், இவையெல்லாம் விசேஷத்தன்றுதான் வெடிக்கின்றன, ஏனென்றால் அன்றுதான் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். குடும்பங்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகின்றன. சில வீடுகளில் “அவன் கேட்டதுல நியாயம் இருக்குல்ல” என்று சொல்லித் தள்ளியதை மறந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் தள்ளிவிட்டான் என்பதற்காக அவன் கேட்டதையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனி நாளில், தனித்தனிப் பேச்சாக எடுத்துக்கொள்வதே சரி. காலில் ரசம் கொட்டியதற்கு ஈடு முதலில். பிளெக்ஸில் பெயர் எங்கே போட்டார்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகு, ஆனால் கட்டாயம்.

குடியைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டவர்களில் 14.6 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், அதாவது சுமார் 16 கோடிப் பேர். அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் தீங்கு உண்டாகி உதவி தேவைப்படும் நிலை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியாக அரசின் கையிலேயே இருக்கிறது. 2023இல் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று வந்த விதித் திருத்தம், எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களுக்கு மட்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானதே. ஆனால் உரிமம் இல்லாமலேயே மண்டபத்தின் பின்புறம் நிற்கும் வேனில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். பல வீடுகளில் அதற்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்வதே பெரியவர்கள்தான், “பசங்களுக்குக் கொஞ்சம் பார்த்துக்கணும்ல” என்று சொல்லி. அப்படி ஏற்பாடு செய்த கை மறுநாள் மகனை அடிக்க ஓங்கினால் அதற்கு நியாயம் இல்லை. அதே சமயம் “அவன் பேசல, குடி பேசுச்சு” என்ற சமாதானத்தையும் ஏற்க முடியாது. அதைச் சொல்கிறவர்கள், அடுத்த தடவை குடிப்பதற்கான அனுமதியைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். இங்கே பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: வருஷத்துக்கு ஒரு தடவை அளவு தாண்டியவன் வேறு, தினமும் குடியில்லாமல் கை நடுங்குகிறவன் வேறு. பின்னவனுக்குக் கண்டிப்பைவிட மருத்துவமே வேண்டும்.

அந்த மருத்துவத்துக்கு அவனைக் கொண்டுபோவது எப்படி என்பதில் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற குடும்பப் பயிற்சியை, வேறு இரண்டு முறைகளோடு ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சைக்கே வர மறுத்த குடிநோயாளிகளின் உறவினர்கள் 130 பேர் அதில் பங்குகொண்டார்கள். உறவினரெல்லாம் கூடி அவனை உட்காரவைத்து எதிர்கொள்ளும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். அவனை விட்டுவிலகித் தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அல்-அனான் வழியில் 13 சதவீதம். கிராஃப்ட் வழியில் 64 சதவீதம். அது சொல்லிக்கொடுப்பது கேட்க எளிது: அவன் நிதானமாக இருக்கும் பொழுதில் கூட இரு, பேசு, சாப்பிடு, குடித்திருக்கும் பொழுதில் விலகு, குடியால் விளைந்ததை நீ துடைத்துச் சுத்தம் செய்யாதே. வேறொரு நாட்டின் எண்களை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனையிலும் குடிநோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறார்கள். காரணம் ஒன்றுதான். அவன் வாந்தியைக் கழுவி, அலுவலகத்துக்குப் பொய்க் காரணம் சொல்லி, கடனை அடைத்து, மன்னிப்பைக் கேட்டு முடித்துவிடுகிற வீட்டில் அவனுக்கு எதுவும் ஆவதில்லை.

இனி வழக்கமான தண்டனைகளுக்கு வரலாம். சபையில் திட்டுவதும் காலில் விழவைப்பதும் நம்மிடம் பழையவை. பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு திருப்தி உண்டு. ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். செய்ததைக் கண்டித்து ஆளைச் சேர்த்துக்கொள்ளும் வெட்கப்படுத்தலும், ஆளையே கெட்டவனாக முத்திரை குத்தி வெளியே தள்ளும் வெட்கப்படுத்தலும் நேரெதிர் விளைவுகளைத் தரும் என்பது அவர் வாதம். சிறைக் கைதிகளைத் தொடர்ந்து கவனித்து ஜூன் டாங்னியும் உடன் ஆய்ந்தவர்களும் 2014இல் சொன்னதும் இதற்கு அருகில் வருகிறது: செய்தது தப்பு என்று உறுத்தியவர்கள் விடுதலைக்குப் பின் குறைவாகவே தவறினார்கள், தன்னையே கேவலமாக உணர்ந்து அந்தப் பழியைப் பிறர் மேல் போட்டவர்கள் அதிகம் தவறினார்கள். நாலு பேர் பார்க்கக் காலில் விழுந்து எழுந்தவன், வெளியே வந்ததும் “என்னை அசிங்கப்படுத்திட்டாங்க” என்று சொல்லும்போது, தள்ளப்பட்டவர் கதையிலிருந்து மறைந்து அவனே பாதிக்கப்பட்டவனாகி நிற்பதை நம் ஊரிலேயே எவ்வளவு பார்க்கிறோம்! ராய் லெவிக்கி 2016இல் மன்னிப்பின் கூறுகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, கேட்பவர் மனத்தில் அதிகம் தைத்தது “நான்தான் செய்தேன், தப்பு என் மேல்” என்று ஒப்புக்கொள்வது. அடுத்தது, ஈடு செய்ய முன்வருவது. கடைசியில் வந்தது “மன்னிச்சிடுங்க” என்ற வேண்டுகோள். நாம் நம் பிள்ளைகளிடம் கட்டாயப்படுத்தி வாங்குவதோ அந்தக் கடைசியைத்தான்.

பேசாமல் இருப்பது அடுத்தது. அது தண்டனையாகத் தோன்றாததால் எளிதில் கைக்கு வருகிறது. முதல் வாரம் கோபம், பிறகு வீம்பு, அதற்கப்புறம் பேச்சை யார் தொடங்குவது என்று தெரியாத தவிப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்மர் அமெரிக்காவில் 1,340 பேரிடம் எடுத்த கணக்கில், 27 சதவீதம் பேர் நெருங்கிய உறவு ஒன்றோடு தொடர்பற்று இருந்தார்கள். மீண்டும் சேர்ந்தவர்களோடு பேசியபோது அவர் கண்டது, நடந்ததற்கு எதிராளி தன் கணக்கை ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தை அவர்கள் கைவிட்டிருந்தார்கள் என்பது. இது என் வாதத்துக்கே எதிராகப் படலாம். ஈடு செய், பொறுப்பேற்றுக்கொள் என்று நிற்பதே உறவை முறிக்காதா? இங்கே இரண்டு கணக்குகள் கலந்துவிடுகின்றன. பெற்றோருக்கு உண்டான வருத்தம் பெற்றோருடையது. அதை அவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிடலாம், விடுவது நல்லதும்கூட. ரசம் கொட்டிய காலின் கணக்கு அவர்களுடையது அல்ல. அதைத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. தனக்கு வரவேண்டிய மன்னிப்புக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும் அப்பா, பிறருக்குப் போகவேண்டியதை அன்றே பணம் கட்டி மூடிவிடுகிறார். மாற்றிச் செய்திருக்க வேண்டும்.

தலைமுழுகிவிட்டேன் என்று நாளிதழில் விளம்பரம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். “இவருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை” என்ற அந்த நாலு வரி, கடன்காரர்களுக்கு எச்சரிக்கையாகலாம். பூர்வீகச் சொத்தில் அவனுக்கோ அவளுக்கோ உள்ள பங்கு அதனால் போய்விடாது. சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம், அதற்கு விளம்பரம் தேவையே இல்லை. பெற்றோர் தாங்களே சம்பாதித்துக் கட்டிய வீட்டில் வளர்ந்த மகன் இருப்பது அவர்கள் தயவில்தானே தவிர உரிமையில் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. பெற்றோரைத் துன்புறுத்தினால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆக, சட்டம் கைகட்டி நிற்கவில்லை. ஆனால் ஒரு விசேஷத்தில் நடந்த தவறுக்குச் சொத்தைக் காட்டிப் பயமுறுத்துவதால், அவன் நொந்தவரை நினைப்பதற்குப் பதில் பத்திரத்தை நினைப்பான். பங்கு கிடைக்கும்வரை பணிவான், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது, “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடுவான்” என்பது. நம்மிடையே இதைச் சொல்லாத குடும்பம் குறைவு, சொன்னதை நம்பாதவர் அதைவிடக் குறைவு. வளர்த்தவர்கள் முப்பது வருஷத்தில் செய்ய முடியாததை இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி செய்துமுடிப்பாள் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்? பெண் பார்க்கும்போது இது சொல்லப்படுவதும் இல்லை. “பையன் சோஷியலா எப்பவாச்சும்” என்ற அளவில் நின்றுவிடும். பிறகு அடுத்த விசேஷத்தில் அவன் ரகளை செய்தால், எல்லோர் கண்ணும் அவள் பக்கம் திரும்பும்: “நீ சொல்லக் கூடாதாம்மா?” அவன் பாக்கி இப்போது அவள் பெயருக்கு மாறிவிட்டது. இது கண்டிப்பும் ஆகாது, தீர்வும் ஆகாது. குற்றமே செய்யாத ஒருத்திக்கு விதிக்கும் தண்டனை. இந்த ஒரு விஷயத்தில் மென்மையாகப் பேச எனக்கு விருப்பமில்லை.

பிறகு எதைத்தான் செய்வது? இஸ்ரேலிய உளவியலர் ஹைம் ஓமர், காந்தியின் சத்தியாக்கிரகத்திலிருந்து எடுத்துப் பெற்றோருக்காக ஒரு முறையை வகுத்தார். முதலில் கட்டுக்கடங்காத சிறுவர்களுக்காக வந்த அது, பின்னர் வீட்டைச் சார்ந்தே வாழும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் விரிந்தது. அதில் மூன்று சங்கதிகள் நமக்கு நேராகப் பொருந்தும். ஒன்று, சூட்டோடு எதையும் செய்யாதே, ஆறவிட்டுப் பேசு. இரண்டு, அவன் செய்ய வேண்டியதைக் கட்டளையிடாமல், நாங்கள் இனிச் செய்யமாட்டோம் என்பதை மட்டும் அறிவி. மூன்று, மறைக்காதே, நம்பிக்கையான நாலு பேரைத் துணைக்கு வை. நம் குடும்பத்தில் இது இப்படி நடக்கும். மறுநாள் ஒன்றும் பேச வேண்டாம். மூன்று, நான்கு நாள் கழித்து, அவன் நிதானமாக இருக்கும் ஒரு காலையில், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்: “நீ தள்ளினதுல அவருக்குக் கால் வெந்துடுச்சு. காண்டிராக்டர் நம்பர் இது. அவர் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் மருந்துச் செலவும் உன் சம்பளத்துலேர்ந்து நீ போய்க் கொடு. நாங்க கொடுக்கப் போறதில்ல, உனக்காகப் பேசவும் போறதில்ல.” விளக்கம் வேண்டாம், பழைய கதை வேண்டாம், அழுகை வந்தால் வரட்டும். கூடப் போக ஆள் வேண்டுமென்றால் தாய்மாமனோ, அவன் மதிக்கும் சித்தப்பாவோ போகலாம், ஆனால் வாயைத் திறக்க வேண்டியது அவன். தாய்மாமனுக்குச் சீர் செய்யும் உரிமையோடு கேள்வி கேட்கும் உரிமையும் நம் முறையில் உண்டு. மேடையில் மாலை போடும்போது மட்டும் அவரை நினைக்கிறோம். வேலை இல்லாதவன் என்றால் பணத்துக்குப் பதில் உழைப்பு இருக்கிறது. கெடுத்தது தங்கையின் வரவேற்பு நாளை என்றால் அவளிடமும் அவள் கணவரிடமும் போய், என்ன செய்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்கிறார்களா இல்லையா என்பது அவர்கள் விருப்பம்.

“இப்படிச் சொன்னால் போகவே மாட்டான்” என்பார்கள். போகாமல் இருக்கலாம். அப்போது பெற்றோர் தங்கள் பங்கைச் செய்தாக வேண்டும்: காயம்பட்டவரை அப்படியே விடாமல் தாங்களே போய்ப் பார்த்து, செலவைக் கொடுத்து, “இது எங்களுடையது, அவன் கணக்கு பாக்கி இருக்கு” என்று இரு தரப்புக்கும் தெரியும்படி சொல்வது. அந்தத் தொகையை வண்டித் தவணைக்கோ போன் பில்லுக்கோ தாங்கள் கொடுத்துவருவதிலிருந்து நிறுத்திக்கொள்வது அவர்கள் உரிமைக்கு உட்பட்டதே. இதைவிட ஆழமான அச்சம் ஒன்று இருக்கிறது, பல தாய்மார்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை: “ஏதாவது பண்ணிக்கிட்டான்னா?” இந்த அச்சத்தை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 31.7 சதவீதத்துக்குக் குடும்பப் பிரச்சினையே காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அச்சம் எதற்கு எதிரான காரணம் என்று பார்த்தால், சபையில் அசிங்கப்படுத்துவதற்கும் வீட்டைவிட்டுத் துரத்துவதற்கும் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பதற்கும் எதிரான காரணம் அது. நிதானமாக, சோறு போட்டுக்கொண்டே, “இது உன் பொறுப்பு, நாங்க உன் கூடத்தான் இருக்கோம்” என்று சொல்வதற்கு எதிரானது அல்ல. சாகப்போகிறேன் என்று அவன் சொன்னால், அது மிரட்டலா உண்மையா என்று வீட்டார் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மற்றப் பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு, கூடவே இருந்து, மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். டெலி மானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பும் இதற்காகவே இயங்குகிறது. கால் வெந்த கணக்கு அதுவரை காத்திருக்கும். அழிந்துபோகாது.

பிள்ளை திருப்பிக் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு: “நீங்க மட்டும் ஒழுங்கா? பெரியப்பா கல்யாணத்துல நீங்க போட்ட சண்டை ஊருக்கே தெரியும்.” அது உண்மையாக இருந்தால், மறுப்பதில் பயனில்லை. “ஆமா, அதுக்கு நான் போய்ப் பேசலை, பேசியிருக்கணும்” என்று ஒரு தகப்பன் சொல்லிவிட்டு, அந்தப் பெரியப்பாவுக்கு அந்த வாரமே போன் செய்தால், வேறு எந்தக் கண்டிப்பும் அதற்கு ஈடாகாது. பெற்றோர் செய்த தவறு பிள்ளையின் தவறை ரத்து செய்யாது. இரண்டு பாக்கிகள் இருக்கின்றன என்றுதான் அதற்கு அர்த்தம்.

அடுத்த விசேஷத்துக்கு அவனை அழைப்பதா என்ற முடிவு கடைசியில் வரும். ஈடு செய்துவிட்டவனை மற்றவர்களைப் போலவே அழைக்க வேண்டும். பழையதை யாரும் கிளறாமல் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெரியவர்களின் வேலை. பந்தி வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பையோ சந்தனம் கொடுக்கும் பொறுப்பையோ நம்பி அவனிடம் கொடுக்கலாம். ஈடு செய்யாதவனுக்கும் பத்திரிகை வைக்கலாம், ஆனால் விசேஷத்தை நடத்துகிறவரின் சம்மதத்தைக் கேட்டு. போன தடவை கெட்டது தங்கையின் நாள் என்றால் இந்தத் தடவை சொல் தங்கையுடையது, அம்மாவின் கண்ணீர் அதை மாற்றக் கூடாது. அழைப்பு போகும்போதே, மண்டபத்துக்குள் குடித்துவிட்டு வந்தால் மைத்துனரும் மாமாவும் வாசலிலேயே நிறுத்தி ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்பதை அவனிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், பின்புற வேனை அந்த வீடு இந்தத் தடவை ஏற்பாடு செய்யப்போவதில்லை என்பதையும் சேர்த்து. வந்தால் இலை போட இடம் இருக்கும். வரமாட்டேன் என்றால் முகூர்த்தம் அவனுக்காகத் தள்ளிப்போகாது. அதற்கடுத்த விசேஷத்துக்கும் அவனுக்குப் பத்திரிகை போகும்.